இருப்பு முடிவுக்கு வந்தது

உயிரோடு இருக்கும்போதே தன் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்தது. மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து, குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குடியிருக்க ஒரு குவார்ட்டர்ஸ். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. காலையில் ‘குட்மார்னிங் சார்’, சாயங்காலம் ‘வரேன் சார்’, நடுவில் யாரும் என்னிடம் எதுவும் பேசுவதில்லை. (நானும் பேசியதில்லை. வாயில் கொழுக்கட்டை.) ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்காமல் பொழுது போய்விடும். குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் கெட்டிலிடம், “கொதிச்சிருச்சா?” என்று கேட்டேன். அன்றைக்கே எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்னொரு மழைக்காலத்தை இங்கே தனியாகத் தாங்க முடியாது, ஊருக்கே போய்விடலாம் என்று ராஜினாமாக் கடிதம் எழுதினேன். வருகிற திங்கட்கிழமை மேனேஜரிடம் கொடுப்பதாகத் திட்டம்.

பேச ஆளில்லாதவன் கையில் போனைக் கொடுத்தால் கண்டதையும் வாங்குவான். நான் வாங்கியது ஒரு ஸ்மார்ட் பர்ஸ். திறந்தால் உள்ளே ஒரு சின்னத் திரையில் பேங்க் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். பணம் வந்தாலும் போனாலும் பாக்கெட்டுக்குள் ‘கிர்’ரென்று நடுங்கும். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கத் திறந்தால் கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “பரவால்லீங்க, சில்லறையாவே குடுங்க” என்பார், துக்கம் விசாரிக்கிற குரலில். ஆனாலும் அந்த நடுக்கம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த மலையில் என்னைத் தொட்டது அது ஒன்றுதான்.

வாங்கிய அன்று மொழி கேட்டது. தாய்மொழிப் பற்றில் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். அதன் தமிழ் எந்த ஊர்த் தமிழ் என்று கடைசிவரை தெரியவில்லை. பணம் தீர்ந்தால் தகவல் சொல்ல, ‘உங்கள் அன்புக்குரியவர் ஒருவரின் எண்ணை இடவும்’ என்றது. இடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். எஸ்.எம்.எஸ். என்றாலே ஏமாற்று வேலை என்று அழித்துவிடுவாள். மேனேஜரை அன்புக்குரியவர் என்று போட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. போனைத் துழாவியதில் இந்த ஊர் நம்பர் இன்னும் ஒன்றுதான் இருந்தது: ‘கேஸ் அண்ணன்.’

கேஸ் அண்ணன் என்றால் ரங்கசாமி. ஜீப்பில் சிலிண்டர் கொண்டு வருபவர், அன்னூர்க்காரர். எட்டு மாதத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும், “சிலிண்டருங்க”, “வைங்க” ஆகிய இரண்டும்தான். அவர் நம்பரைப் போட்டுவிட்டு அதை மறந்தும் போனேன்.

கடிதம் கொடுப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, கடைவாய்ப் பல் வலி உயிரை வாங்கியது. கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்துக் கடித்துக்கொண்டேன். கன்னம் வீங்கியதால் உப்பை வறுத்து மூட்டை கட்டிக் கன்னத்தில் வைத்து, அது நகராமல் இருக்க ஒரு வெள்ளைத் துண்டால் தாடையிலிருந்து உச்சந்தலை வரை சுற்றி முடிச்சுப் போட்டேன். வெளியே மழை, கரண்ட் இல்லை. மேகமூட்டத்தில் மத்தியானம் மூன்று மணிக்கே வீடு இருட்டிவிட்டதால் தலைமாட்டில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். வேலையை விடப்போகிறவன் ஊதாரியாகிவிடக் கூடாதே என்று, படுத்தபடியே கணக்கில் இருந்ததை எல்லாம் வைப்புநிதிக்கு மாற்றினேன். பர்ஸ் நீளமாக ஒரு தரம் நடுங்கியது. போனில் சார்ஜ் தீர்ந்தது. வெள்ளைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்து, மல்லாந்து தூங்கிவிட்டேன்.

ரங்கசாமி போனுக்குப் போன செய்தி இது: ‘உங்கள் அன்புக்குரிய சிவகுமார் அவர்களின் இருப்பு முடிவுக்கு வந்தது. இந்த நேரத்தில் உங்கள் பொறுமைக்கு நன்றி.’

ஒப்பாரிச் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். யாரோ பாவம் என்று நினைத்தேன். சத்தம் என் ஜன்னலிலிருந்து வந்தது.

“ஆரு பெத்த புள்ளையோ! இந்தக் குளுருல அநாதையாட்டக் கெடக்குதே சாமி!”

அழுதது ரங்கசாமியின் மனைவி பூங்கொடி அக்கா. என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லாதவர் அவர்தான். ஜன்னல் வழியே அவர்கள் கண்டது வெள்ளைப் போர்வை, தலைமாட்டில் விளக்கு, வாய்க்கட்டு. அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? வாட்ச்மேன் மாதன் கதவை உடைக்கக் கடப்பாரையை ஓங்கியபோது நான் எழுந்து போய்த் திறந்தேன்.

மாதன் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினார். மேனேஜர் பங்களா வரை நிற்கவில்லை என்று பிறகு தெரிந்தது. பூங்கொடி அக்கா கையிலிருந்த ரோஜா மாலை நழுவியது. நான் விளக்கம் சொல்ல முயன்றேன். வாயில் பஞ்சு, தாடையில் கட்டு. “ம்ம்ம்... ம்ம்ம்...” என்றுதான் வந்தது. அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஒருவழியாகக் கட்டை அவிழ்த்துப் பஞ்சைத் துப்பினேன்.

“ஏனுங்க சார்...” ரங்கசாமி என் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார். “இருக்கறீங்களா?”

“இருக்கேனுங்க. இருப்புன்னா பேங்குல இருக்கற பணமுங்கண்ணா.”

அவர் போனைத் திரும்ப ஒரு தரம் படித்தார். தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப அன்புக்குரியவருன்னு போட்டிருக்குதுங்களே, அதுவும் பேங்கு வெவகாரந்தானுங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. “அது நான் போட்டதுங்கண்ணா. எனக்கு இங்க வேற ஆளு இல்லீங்க” என்றேன்.

ரங்கசாமி போனைச் சட்டைப் பையில் போட்டார். “ஒரு கல்யாண ஊட்டுல சிலிண்டர் எறக்கிட்டிருந்தனுங்க. சேதியப் பாத்ததும் கையும் ஓடல, காலும் ஓடல. நம்மள ஒருத்தரு இப்படி நெனச்சிருக்காரு, நமக்கு அது தெரியாமயே போச்சேன்னு” என்றார். “தனியா இருந்த மனுசன், அழுவக்கூட ஆளிருக்காதேன்னுதானுங்க இவளையும் ஜீப்புல ஏத்தியாந்தேன்.”

நான் அழுதுவிட்டேன். அவர்கள் பல்வலி என்று நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை. பூங்கொடி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய், “ஊடா இது? மொளகு எங்கீங்க?” என்று அதட்டினார். அன்று என் சாவு வீட்டில் ரசம் சோற்றைக் கரைத்துக் குடித்தது நான்தான்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால், ‘ஊழியர் மறைவை ஒட்டி அரை நாள் லீவு’ என்று போர்டில் ஒட்டியிருந்தது. மாதன் சொன்னதை நம்பி மேனேஜர் கைப்பட எழுதியது. அதை ரத்து செய்யும் அறிவிப்பை யார் டைப் அடிப்பது? ஆபீசில் கிளார்க் நான் ஒருவன்தானே. நான் சாகவில்லை என்று நானே டைப் அடித்து, நானே ஒட்டினேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூட்டமாக வந்து படித்தார்கள். “லீவுன்னாங்களே சார்!” என்று ஒரு அம்மா என்னை முறைத்தாள். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் முப்பது பேராவது என்னிடம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். கடிதத்தை நான் கொடுக்கவில்லை. மத்தியானம் பூங்கொடி அக்கா சாப்பாடு கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதை விட்டுவிட்டு எப்படி ஊருக்குப் போவது?

பிறகு எனக்குக் கல்யாணமானது. மேடையில் மாலை போடும்போது ரங்கசாமி அண்ணன் என் மனைவியிடம், “இவருக்கு இது ரெண்டாவது மாலைங்க அம்மிணி” என்றார். முதல் மாலையைப் போட்டது எவள் என்று அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் வீட்டில் எல்லோரும் நடித்துக் காட்டுகிறார்கள்.

போன மாதம் அடைமழை. இரண்டு நாளாக எந்த போனுக்கும் டவர் இல்லை. கேட்டருகே ரங்கசாமி அண்ணனும் அக்காவும் ஒரே குடையில் நனைந்தபடி நின்றார்கள். என் மனைவி பதறிப்போய், “என்னங்கண்ணா, என்ன விசேஷம்?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லீங்க அம்மிணி. சார் இருக்காரான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்.”