சுகன்யாவின் கொம்பியூட்டரை நான் திருத்திய சனிக்கிழமை

‘எனக்குத் தெரியாது’ என்று என் வாழ்க்கையின் முதல் இருபத்தெட்டு வருடங்களில் நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்று சொல்வதைவிட, செய்து பார்த்துக் கெடுத்துவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. (என் கை சும்மா இருக்காது. எங்கள் கல்யாண மண்டபத்திலேயே, மாலையின் முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்துப் பார்த்த மணப்பெண் நான்.)

தொண்ணூறுகளின் கடைசியில் லண்டனில், மோர்டனில் ஒரு சின்ன வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், என் கணவர் ரவி, அவருடைய அம்மாவான மாமி, ரவியின் தங்கை சுகன்யா. சுகன்யாவுக்குப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, இறுதி வருடம். நான் மாலை வகுப்புக்குப் போய் ஆறு மாதம் ‘கொம்பியூட்டர்’ படித்து முடித்திருந்தேன். அங்கே சொல்லித்தந்தது கடிதம் தட்டச்சு செய்வதும் எழுத்தைத் தடிப்பாக்குவதும்தான். ஆனால் சான்றிதழில் ‘கொம்பியூட்டர்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். மாமி அதற்குச் சட்டம் போட்டு, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மனுஷி எப்படி அடக்கமாக இருப்பது?

ஒரு வியாழக்கிழமை சுகன்யா முகம் வாடி வந்து நின்றாள்.

“மச்சாள், என்ர பில்டிங் ஸ்கிரீன்ல முழுக்கக் கோடு கோடா வருது. புது கிராஃபிக்ஸ் கார்ட் போட்டால்தான் வடிவாத் தெரியுமாம். மண்டே காலமை சப்மிட் பண்ணோணும்.”

“அதுக்கென்ன, நான் போட்டுத் தாறன்.”

“உங்களுக்கு ஏலுமோ?”

“கழட்டிப் பூட்டுறதுதானே!”

ரவி பேப்பரைக் கொஞ்சம் இறக்கினார். “இஞ்சரும், உதின்ர உள்பக்கத்தை நீர் எப்பவாவது பாத்திருக்கிறீரோ?”

“வகுப்பிலை படிச்சனான்.” (வகுப்பில் நாங்கள் உள்பக்கம் பார்த்த ஒரே பெட்டி, டீச்சரின் பிஸ்கட் பெட்டி.)

“எட்மண்டன் தயாளன் அண்ணையிட்டை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?”

தயாளன் அண்ணை ரவியோடு ஒரே அறையில் முன்பு இருந்தவர். அலுவலகங்களில் போட்டோக்கொப்பி மெஷின் திருத்துகிறவர். “அவர் திருத்துறது வேற மெஷின். இது வேற” என்று நான் அந்தப் பேச்சை அத்தோடு வெட்டினேன்.

சனிக்கிழமை காலை, நகர நடுவில் ஒரு மண்டபத்தில் நடந்த கொம்பியூட்டர் சந்தைக்குத் தனியாகப் போனேன். மேசை மேசையாகப் பச்சைத் தகடுகள் குவிந்து கிடந்தன. ஒரு மேசைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்: “உங்கள் கொம்பியூட்டரில் இருப்பது பிசிஐயா, ஏஜிபியா?”

கார்டைச் செருகும் துவாரத்தில் இரண்டு ரகம் உண்டு, ஏஜிபி அப்போதுதான் வந்த புது ரகம், ஒன்றுக்குரிய கார்ட் மற்றதில் ஏறாது. இதெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு இரண்டும் ஏதோ வங்கிகளின் பெயர்போலக் கேட்டன.

“எது வேகம்?” என்றேன்.

“ஏஜிபி.”

“அதுதான் எங்களிடம் இருப்பது.”

“கொம்பியூட்டர் எத்தனை வருடம் பழசு?”

“புதுசு மாதிரித்தான்.” (ரவியின் வேலையிடத்தில் குப்பைக்குப் போகவிருந்ததைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தது.)

வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் பெட்டியைத் திறந்தேன். கார்டை வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. பக்கத்துத் துவாரத்தில் அழுத்தினேன். திருப்பி வைத்து அழுத்தினேன். எழும்பி நின்று, முழங்கையை ஊன்றி அழுத்தினேன்.

மாமி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். “பிள்ளை, அது போகமாட்டன் எண்டு நிக்குது. ஏன் அதைப் போட்டு நெரிக்கிறாய்?”

நான் கறிக்கத்தியைத் தேடத் தொடங்கியபோது சுகன்யா கார்டை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள். “மச்சாள், இந்த ஷேப்பில ஒரு ஓட்டையே இதிலை இல்லை.”

சந்தை மூன்று மணிக்கு மூடிவிடும். மறுபடி பிழை விடக்கூடாது என்பதற்காக ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தேன். முழுப் பெட்டியையும் மாமி மரக்கறி வாங்க உருட்டிக்கொண்டு போகும் சில்லுப் பையில் இறக்கி, இழுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷன் படிகளில் டொக், டொக், டொக் என்று ஒவ்வொரு படியாக அது என் பின்னால் வந்தது. மேசைக்காரர் பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, “புதுசு மாதிரி?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பழைய ரகக் கார்ட் ஒன்றை மாற்றித் தந்தார்.

இந்தக் கார்ட் ‘கிளிக்’ என்று உட்கார்ந்தது. நான் எல்லோரையும் கூப்பிட்டேன். மாமி தேநீரோடு வந்தார். வயர்களையெல்லாம் பழையபடி செருகி, சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

அணைத்துப் போட்டேன். பத்துத் தரம் போட்டேன். தட்டினேன். தடவினேன். கறுப்பு.

“சுகன்யா, உன்ர படமெல்லாம் வேற எங்கையும் வச்சிருக்கிறியோ?”

“இல்லை மச்சாள். ஃபிளொப்பியில கொள்ளாது. எல்லாம் அதுக்குள்ளதான்.”

அவள் என்னைத் திட்டவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்து, நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருக்கலாம். நான் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடந்தேன். திரும்பவும் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் காதுக்குள் டொக், டொக் என்று ஸ்டேஷன் படி. ஒரு வருட வேலையை மரக்கறிப் பையில் போட்டு இடித்துக் கொன்றுவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. படியில் இடிபட்ட கதையை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

“என்ன பிழை?” என்றார் ரவி.

“எனக்குத் தெரியாது.”

மாமி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

ஞாயிறு காலை எட்மண்டனுக்குப் புறப்பட்டோம். காரின் பின் சீற்றில் எனக்கும் சுகன்யாவுக்கும் நடுவில் கொம்பியூட்டர், அதற்கு பெல்ட் போட்டு. லண்டனின் தென் முனையிலிருந்து வட முனைக்கு ஓட்டம். “இடப்பக்கம் போங்கோ, லொறிக்குப் பின்னாலை நிக்காதையுங்கோ, பச்சை விழுந்திட்டுது” என்று வழி முழுக்க நானே ஓட்டினேன். ரவி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், அவ்வளவுதான். சுகன்யா ஒரு கையைப் பெட்டியின் மேல் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தயாளன் அண்ணை இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்து கதவைத் திறந்தார். கையில் பாதி கடித்த ரோஸ்ட் பாண். முன்னறையில் எல்லாவற்றையும் பூட்டி, சுவிட்சைப் போட்டுக் காட்டினோம். கறுப்பு. இனி மறைக்க ஏலாது என்று எனக்குத் தோன்றியது.

“அண்ணை, ஸ்டேஷன் படியிலை நான் இதை இடிச்சுப்போட்டன்” என்று ஒப்புக்கொண்டேன். சுகன்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணை குனிந்து பெட்டியின் பின்பக்கம் பார்த்தார். “தங்கச்சி, ஸ்கிரீன் வயரை எங்கை செருகினனீங்கள்?”

“பழையபடி அதே இடத்திலை!” என்றேன். அதையாவது சரியாகச் செய்திருக்கிறேனே.

அவர் வயரை உருவினார். அதே மாதிரி ஓட்டை ஒன்று கீழே, புதுக் கார்டின் நுனியில் இருந்தது. அதில் செருகினார். திரை பளிச்சென்று வந்தது. ரோஸ்ட் பாணை அவர் கீழே வைக்கக்கூட இல்லை.

“புதுக் கார்ட் போட்டால், படம் புதுக் கார்டாலைதான் வரும், தங்கச்சி.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ரவி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சிரிக்கப் போனார் என்பது கண்ணாடி ஜன்னலால் தெரிந்தது.

கதை அதோடும் முடியவில்லை. கார்டை இயக்கும் மென்பொருள் சீடியில் இருந்தது. எங்கள் கொம்பியூட்டரிலோ சீடி போட இடமே இல்லை. அண்ணை தன் கொம்பியூட்டரிலிருந்து அதை ஃபிளொப்பிகளில் ஏற்றித் தந்தார். பிற்பகல் சுகன்யா தன் கட்டடத்தைத் திறந்தாள். ஒரு நூலகம். கோடுகள் போய்விட்டன. வாசல், வளைந்த படிக்கட்டு, மரங்களைப் பார்க்கும் பெரிய ஜன்னல் என்று ஒவ்வொரு அறையாக எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

“வடிவாயிருக்கு” என்றேன்.

“தாங்க்ஸ், மச்சாள்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “ஆனால் இனி இதைத் தொடாதையுங்கோ” என்றாள்.

திங்கட்கிழமை அவள் கொடுத்தாள், பிறகு நல்லபடியாகப் பாஸும் பண்ணினாள். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெந்நீர் வராவிட்டாலும், தோசை கல்லில் ஒட்டினாலும், மாமிக்கு முழங்கால் பிடித்தாலும் ஒரே கேள்விதான்: “வயரைச் சரியான ஓட்டையிலையோ செருகினது?”

அடுத்த வருடம் எனக்குப் பிரசவம். குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டிக்கொண்டிருந்த திரை திடீரென்று கறுப்பானது. நான் கத்தினேன். நேர்ஸ் ஓடிவந்து பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். வியர்த்து நின்ற ரவி, வேறு ஒன்றும் வாயில் வராமல், வீட்டில் கேட்டுப் பழகிய அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார். நேர்ஸ் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குனிந்தார். வயர் கழன்றுதான் கிடந்தது. அதைச் செருகியதும் துடிப்பு திரையில் குதித்து வந்தது. வலிக்கு நடுவில் நான் சிரித்த சிரிப்பில், மருந்து கூடிவிட்டதோ என்று நேர்ஸ் மேலிடத்துக்குச் சொல்லப் போனார்.

அப்படிப் பிறந்த மகளுக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. வீட்டில் எது நின்றாலும் மாடியிலிருந்து “அம்மா, வயர்?” என்று கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, நின்றுபோனதன் பின்பக்கம் குனிவேன்.