ஓர் ஆள் கூடுதல்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். இதுவோ தலைகளை எண்ணும் விஷயம். ஒன்று பிசகினால் வீடே போய்விடும்.

எங்கள் நகராட்சியில் ஒரு விதி. ஒரு குடியிருப்பில் ஐரோப்பாவுக்கு வெளியே பூர்வீகம் கொண்டவர்கள் பாதிக்கு மேல் போனால், குடியிருப்போர் நலன் கருதி அது இடிக்கப்படும். குடியிருப்போர் எங்கே போவது என்பது வேறு துறை.

எங்கள் குடியிருப்பில் டேனியர் ஐந்நூற்று இருபது, வெளிப்பூர்வீகத்தார் ஐந்நூற்று இருபது. நான் டேனியர் பக்கம். அதனால் படியில் கைப்பிடியை விடாமல்தான் இறங்குவேன். நான் விழுந்தால் கட்டிடமும் விழும்.

அப்போது பார்த்து எதிர்வீட்டு குல்சுமின் மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. குல்சும் துருக்கியிலிருந்து வந்தவள். எனக்குத் தூக்கம் போனது. எதற்கும் இருக்கட்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினேன்: குழந்தை எந்தப் பக்கம்?

அதிகாரி டோர்பென் நேரிலேயே வந்தார். குல்சுமும் வந்து வாசலில் நின்றாள்.

"கவலைப்படாதீங்கம்மா. குழந்தையோட அம்மா இங்கயே பொறந்தவங்க, குடியுரிமையும் இருக்கு. அதனால குழந்தை அசல் டேனியர்."

"அப்பாடா!"

"ஆனா மனு வந்தா மனுதாரர் கோப்பையும் பாக்கணும். உங்க அப்பா எங்க பொறந்தார்?"

"அர்ஜென்டினாவுல. தாத்தா அங்க பண்ணை வச்சிருந்தார். டேனியர்தான்!"

"அம்மா?"

"பக்கத்துப் பண்ணை."

டோர்பென் வருத்தத்தோடு பேனாவை மூடினார். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது இங்க பொறந்திருக்கணும். நீங்க தென் அமெரிக்கப் பூர்வீகம்."

"நான் ஸ்வீடனுக்கு அந்தப் பக்கம் போனதில்லையே!"

"அதை எழுதப் படிவத்துல இடமில்ல."

ஆக, குழந்தை சேர்ந்து நான் கழிந்ததில் டேனியர் ஐந்நூற்று இருபதே. எதிர்ப்பக்கம், என்னையும் சேர்த்து, ஐந்நூற்று இருபத்தொன்று.

"போடில் அக்கா," என்றாள் குல்சும், "இருபது வருஷமா என் சமையல் வாசனைக்கு ஜன்னலைச் சாத்தினீங்களே. இப்ப யாரால வீடு போகுது?"

டோர்பென் ஆறுதல் சொன்னார். "ஜனவரி ஒண்ணாம் தேதிதான் கணக்கு. அதுக்குள்ள ஒரு டேனியர் கூடினாலும் போதும். இல்ல, அந்தப் பக்கம் ஒருத்தர் குறைஞ்சாலும் போதும்."

"என் சின்ன மகளுக்குப் பிரசவத்துக்கு டிசம்பர் இருபத்தெட்டு தேதி குடுத்திருக்காங்க. அவளும் இங்க பொறந்தவதான்," என்றாள் குல்சும்.

அன்றே அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான சலவை அறைக்குப் போனேன். பதினெட்டு வருஷமாக யாருக்கும் விட்டுத்தராத என் செவ்வாய்க்கிழமை முறையை, முறை குறிக்கும் பலகையில் அந்த நாளுக்கு மாட்டியிருந்த என் பூட்டைக் கழற்றி, அந்தச் சின்ன மகளுக்குக் கொடுத்தேன். அவள் துணிக்கூடையை மூன்று மாடியும் நான்தான் தூக்குகிறேன். "வலி வந்துச்சா கண்ணு?" என்று தினமும் கேட்கிறேன்.

இன்று ஜனவரிக்கு இன்னும் இரண்டு நாள். வலி வரவில்லை. ஆனால் குடியிருப்பில் எல்லோரும் திடீரென்று என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறார்கள். "உடம்பு எப்படியிருக்கு போடில்?" என்று விசாரிக்கிறார்கள். "படி ஈரமா இருக்கு, பாத்து" என்கிறார்கள். டேனியர்கள்தான் அதிகம் விசாரிக்கிறார்கள்.

இப்போது படியில் யார் எதிர்ப்பட்டாலும் சுவரோடு ஒட்டி நின்று, "நீங்க முன்னால போங்க" என்றுதான் சொல்கிறேன். யாரையும் என் பின்னால் வரவிடுவதில்லை.