மோப்பம் பிடிக்கும் மெஷின்

சிகரெட்டை விட்டுவிட்டதாக ஆன்டோ மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். செய்த கையாலேயே அன்று சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒன்றைப் பற்றவைத்தான்.

மகள் மேரி ஷாலினிக்குத் தூசி ஆகாது. படுத்தால் தும்மல், விடிந்தால் இழுப்பு. வீட்டில் புகை வாசனைகூட இருக்கக் கூடாதென்று சிதம்பரத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சத்தியம் அதற்காகத்தான். கூடத்தில் ஏர் பியூரிஃபையர் வந்து உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

"இதோட பில்டர யாரு கழுவுறது?" என்று மனைவி ஆரோக்கிய அனிதா கேட்டபோது, முதுநகரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஆன்டோ, "கடையப் பாப்பனா, இதக் கழுவுவனா?" என்று முடித்துவிட்டான்.

ஒரு நாள் அவன் பாக்கை மென்றுகொண்டே வீட்டுக்குள் நுழைந்தான். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மாமா, சிகரெட்டு புடிச்சீங்களா?"

"சேச்சே! புள்ள மேல சத்தியம் பண்ணிருக்கேன்."

"அப்ப ஏன் செவப்பா எரியுது? இது மோப்பம் புடிக்கிற மெஷினாச்சே."

"நேத்து வரைக்கும் பச்சையாத்தானடி இருந்துச்சு?"

"உடனே காட்டாது மாமா. சேத்து வச்சுக் காட்டும்."

ஆன்டோவுக்கு வியர்த்தது. பொண்டாட்டியிடம் பொய் சொல்லலாம். மெஷினிடம் என்னத்தைச் சொல்வது?

அனிதா மகளோடு பண்ருட்டிக்குப் போன நாளில் மெஷினின் முதுகைக் கழற்றினான். உள்ளே இருந்த பில்டர் வலையில் சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாக அழுக்கு. எல்லாம் தன் புகைதான் என்று நினைத்தான். குழாயடியில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டினான். கண்ட பட்டனையெல்லாம் அழுத்தினான். ஏதோ ஒன்றை அமுக்கிப் பிடித்தபோது பச்சை வந்தது. மீசையைத் தடவிக்கொண்டான்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் முதல் வேலை அதுதான். "நீ கை வைக்காத, ஷாக் அடிக்கும்" என்று அனிதாவைக் கிட்டவே விடுவதில்லை.

ஒரு நாள் காலையில் ஷாலினி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, ராத்திரி நான் இருமவே இல்ல!" சொன்னவள், மூக்கைச் சுளித்து விலகினாள். அடுக்கடுக்காகத் தும்மினாள். மூச்சு இழுத்தது. அனிதா மருந்து கொடுத்து மடியில் போட்டுத் தட்டும்வரை ஆன்டோ தன் சட்டையை முகர்ந்தபடியே நின்றான். வலையைக் கழுவலாம். பிள்ளையின் நெஞ்சை எந்தக் குழாயில் கழுவுவது?

சட்டைப்பையிலிருந்த பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டான். பிறகு அவன் பற்றவைக்கவே இல்லை. ஆனாலும் வலை கழுவுவதை நிறுத்தவில்லை. பழைய புகையை மெஷின் எங்காவது பதுக்கி வைத்திருந்தால்?

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈர வலையோடு கொல்லைப்பக்கம் நின்றிருந்தான். பக்கத்து வீட்டு ஷஹனாஸின் குரல் சமையலறையில் கேட்டது.

"அனிதாக்கா, நாங்களும் இந்த மெஷின வாங்குனோம். செவப்பா எரியுது. ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல. பில்டரக் கழுவச் சொல்லுது, அவ்ளோதான்."

"அதுக்கு யாருக்கா இருக்கா? எங்க வீட்டுக்காரரு ஒரு துரும்பக்கூடக் கிள்ளிப்போட மாட்டாரு."

அனிதா குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்கு என்ன கெட்ட பழக்கம் இருக்கு? மொதல்ல அதச் சொல்லு."