கையிருப்புக் கணிதம்

விஞ்ஞானம் மனிதனுக்குச் செய்த உபகாரங்களுள் தலையாயது, வீடு கட்ட எவ்வளவு ஆகும் என்பதை இணையத்தில் ஒரே நொடியில் சொல்லிவிடும் செலவுக் கணிப்பான்தான். கொத்தனாரைக் கேட்டால் தலையைச் சொறிவார். பொறியாளரைக் கேட்டால் மனையை வந்து பார்க்க வேண்டும் என்பார். கணிப்பானுக்கு மனையே தேவையில்லை.

அப்பேர்ப்பட்ட கணிப்பான் ஒன்றைப் படைத்தவனை அலுவலகத்தில் 'விஞ்ஞானி' என்றே அழைத்தார்கள். தொடக்கத்தில் அவன் உலகம் தெரியாதவனாக இருந்தான். மண் இறுகலா இளக்கமா, ஜல்லி எங்கிருந்து வர வேண்டும் என்றெல்லாம் கேட்டு, கணிப்பானை உள்ளபடியே தொகையைச் சொல்ல வைத்திருந்தான். பார்த்தவர்கள் பக்கத்தை மூடிவிட்டுப் பிழைத்துப் போனார்கள். ஒப்பந்ததாரர்களுக்கு வாடிக்கையாளர் பிடித்துக் கொடுத்து வாழும் நிறுவனம் அது. மேலாளர் பிஸ்கட்டுடன் கூடிய உயர்மட்டக் கூட்டத்தைக் கூட்டினார்.

"மனையைப் பாக்காதேப்பா, மனசைப் பாரு," என்றார். "கையில எவ்வளவு இருக்குன்னு முதல்ல கேளு. அதுல கொஞ்சம் குறைச்சு விடையாச் சொல்லு."

"அது கணக்கே இல்லையே சார்."

"'வாடிக்கையாளர் நலன் சார்ந்த கணக்கு'ப்பா."

விஞ்ஞானி அப்படியே மாற்றி எழுதினான். மறுமாதமே பதவி உயர்வு வந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கணிப்பான் கம்பீரமாக அறிவித்தது. அடி யாருக்கு என்பதை மட்டும் அறிவிக்கவில்லை.

அப்போதுதான் அவனுடைய அக்கா போன் செய்தாள். தையல்கடை வைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்தவள். தன்னிடம் இருப்பதும் கணிப்பான் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது, யாரோ அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்று பூரித்தாள்.

விஞ்ஞானி போனை வைத்தான். உடனே கடைக்கு ஓடினான். அஸ்திவாரமே பாதியை விழுங்கிவிடும், கூரை வரை பணம் வராது என்று தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து மன்றாடினான். அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள். அவன் ஒருவன் சொல்வதைக் கேட்பதா, ஊரே நம்புவதைக் கேட்பதா என்றாள்.

வேறு வழியில்லாமல் உண்மையைப் போட்டு உடைத்தான்.

"அக்கா, அதை எழுதினதே நான்தான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீ செஞ்சதாடா? முன்னாடியே சொல்லக் கூடாதா? அப்ப தைரியமா இறங்கலாம்."

இருப்பதைக் கேட்டு இருப்பதையே திருப்பிச் சொல்லும் யந்திரம் அது என்று விளக்கிப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு அவள் ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டாள்.

சுவர்கள் ஜன்னல் உயரத்துக்கு எழுந்தன. பணம் தீர்ந்த அன்றே ஒப்பந்ததாரர் மிகுந்த கண்ணியத்துடன் வேலையை நிறுத்திக்கொண்டார். அக்கா ஒரு மிஷினை விற்றாள். அதில் ஜன்னலுக்கு மேல் இரண்டு வரி செங்கல் ஏறியது.

விஞ்ஞானி போய்ப் பார்த்தபோது, சமையலறையாக வேண்டிய இடத்தில் அவள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். கணக்கு தப்பாகிவிட்டது, மன்னித்துவிடு என்று தலைகுனிந்தான்.

"தப்பே இல்லடா," என்றாள் அக்கா. "எங்கிட்ட எவ்வளவு இருக்குன்னு கேட்டுச்சு. ஒரு பைசா மிச்சம் வைக்காம வாங்கிக்கிச்சு. இதைவிடச் சரியா யாரால கணக்குப் போட முடியும்?"