ஏணியிலிருந்து விடுதலை

இனி இந்த ஜென்மத்தில் ஏணி ஏறுவதில்லை. சபதம்!

என் அப்பா மைசூர் மைன்ஸில் கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் ஏறி, தங்கத்துக்காகப் பூமிக்குள் இறங்கியவர். அவர் மகன் சைலஸ், அதாவது நான், வீட்டுத் தோட்டத்து மல்பெரி மரத்தின் பழத்துக்காக வானத்தை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறேன். வாரம் முழுக்க பெங்களூர் ரயிலில் நின்றே வேலைக்குப் போய் வருகிறவனுக்கு ஞாயிறு மதியம் மரத்தடி ஈஸி சேரில் ஒரு தூக்கம். அதுதான் என் ஒரே சொத்து. அதுவும் என் மனைவி ஆனிக்குப் பொறுக்காது. பழம் பழுத்தால் போதும், ஏணியைச் சாத்திவிடுவாள். சர்ச் பெண்கள் சங்கத்துக்கு ஜாம் போடுவது அவள் பொறுப்பு. பறிப்பது என் தலையெழுத்து.

யோசித்தேன். கிளை இருந்தால்தானே பழம்? பழம் இருந்தால்தானே ஏணி?

"ஆனி, மரத்த இடுப்பு ஒசரத்துக்கு வெட்டப் போறேன்."

"ஐயோ, இன்னாங்க இது அநியாயம்!"

"கூரை மேல சாயுது. டேஞ்சர்."

"வேணாங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கெஞ்சியதே இல்லை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்பாவின் பழைய மைன்ஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரம்பத்தை எடுத்தேன். ஒரு கிளை விடவில்லை. ஆனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

அடுத்து வந்த ஞாயிறுகள் சொர்க்கம். நிழல்தான் இல்லை. குடையைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். வீம்பு என்று ஒன்று இருக்கிறதே!

பிறகு மொட்டை மரம் துளிர்த்தது. துளிர் முழுக்கக் காய். குனிந்தால் பழம், திரும்பினால் பழம்.

நான் ஈஸி சேரில் கிடக்க, பக்கத்து வீட்டு பாப்பம்மா காம்பவுண்டு மேல் எட்டிப் பார்த்தார்.

"சூப்பரா கட் பண்ணிகிறீங்க சார்! பங்காருபேட்டைல எங்க தம்பி பட்டுப்பூச்சி வளக்கறான்ல, அவனும் இப்பிடித்தான் வெட்டுவான். வெட்டினா மரம் சின்னதாவே இருக்கும். புதுத் துளிர்லதான் காயும் புடிக்கும்."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"ஹௌது சார், இந்தப் பக்கம் கொழந்தைக்கும் தெரியும். உங்க மேடம்கிட்ட அப்பவே சொன்னேனே! 'வெட்டுங்கன்னு சொன்னா அவரு வெட்ட மாட்டாரு. வேணாம்னு அழுதா உடனே வெட்டிடுவாரு'ன்னாங்க."

அன்று முந்தானைக்குள் நடந்தது அழுகை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பினேன். ஆனி கையில் காலி பேசின் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். போகட்டும், சபதமாவது மிஞ்சியதே!

"நான் ஏணி ஏற மாட்டேன், ஆமா" என்றேன் விறைப்பாக.

"ஏணி எதுக்குங்க?" என்று பேசினை என் வயிற்றின் மேல் வைத்தாள். "ஈஸி சேர்ல சாஞ்சிகினே பறிங்க."