பெடியாக்கோவின் செர்ரிச் சிவப்புச் சட்டை

"யாருண்ணே?" என்றான் வாசல் காவலாளி அல்ஹசன். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்திருந்தான்.

பெடியாக்கோ பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. "யாரு யாருப்பா?"

"வேணாம்ணே, சொல்லாதீங்க. இப்ப சொன்னா அழுகை வந்துடும்."

வழக்கமாக அவருக்கென்று ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கே கேட்டைத் திறப்பவன், அன்றைக்கு மேனேஜர் காருக்குத் திறப்பதுபோல அகலத் திறந்து தலையையும் குனிந்துகொண்டான். காவல் அறையின் கண்ணாடியில் பெடியாக்கோ தன்னைப் பார்த்தார். ரத்தச் சிவப்பில் சட்டை. கரிக்கறுப்பில் தொளதொளவென்று காற்சட்டை.

கானாவின் தலைநகரான அக்ராவில் பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரியும், சிவப்பும் கறுப்பும் சேர்ந்தால் எழவு என்று. ஐம்பத்திரண்டு வருஷமாக அந்த மண்ணில் சோறு தின்று, குறைந்தது ஐந்நூறு சாவுக்குப் போய்வந்த பெடியாக்கோவுக்கு மட்டும் காலையில் அது மறந்துபோனது.

எல்லாம் அந்த ஃபோனால் வந்தது. 'கையைக் கடிக்காத செலவில் வசந்தமும் கோடையும்' என்று ஏதோ ஒரு கட்டுரை. இந்தப் பருவத்தின் நிறம் செர்ரிச் சிவப்பு, அதற்குத் துணை கறுப்பு, அதற்கடுத்தது முழு வெள்ளை என்று போட்டிருந்தான். அக்ராவில் வசந்தம் என்று ஒன்று வந்ததே கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, இரண்டுக்கும் நடுவே புழுக்கம் உண்டு. ஆனாலும் பெடியாக்கோ நேராகக் கண்டாமாண்டோ சந்தைக்குப் போனார். வெள்ளைக்காரர்கள் கழித்துக்கட்டிய உடுப்பெல்லாம் மலைமலையாகக் குவிந்துகிடக்கும் இடம். குவியலுக்குள் இடுப்பளவு இறங்கி முத்துக்குளித்தார்.

"அண்ணே, இதைப் போட்டா பத்து வயசு குறையும்" என்றாள் கடைக்காரி.

"நெசமாவா?"

"உங்களுக்குப் பதினஞ்சே குறையும். இருக்கிறது அவ்வளவு!"

பதினைந்து குறைவதாக நினைத்துக்கொண்டு காலையில் கண்ணாடி முன் நின்றவர், தொப்பை தெரிகிறதா என்று மட்டும்தான் பார்த்தார். நிறம் சாவைச் சொல்கிறதா என்று பார்க்கவில்லை. சொல்லவேண்டிய மனைவி அஃப்ரியே விடிகாலையிலேயே தன் சிகையலங்காரக் கடைக்குப் போய்விட்டிருந்தாள்.

பெடியாக்கோ வேலை பார்த்தது தண்ணீர்க் குழாய் விற்கும் ஒரு கம்பெனியின் கிடங்கில். உள்ளே நுழைந்ததும் விற்பனைப் பிரிவு செலோர்ம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே... யாரு?"

'ஒருத்தரும் சாகலடா, இது பேஷன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. காரணம், போன வாரம்தான் இதே செலோர்ம் பூப்போட்ட சட்டை போட்டு வந்தான். அவனுக்குத் 'திரைச்சீலை' என்று பெயர் வைத்து, "எந்த ஜன்னல்லருந்து கழட்டினே?" என்று ஆபீஸையே உருண்டு சிரிக்க வைத்தவர் சாட்சாத் பெடியாக்கோதான். பேஷன் என்று சொன்னால் பென்ஷன் வாங்கும்வரை தனக்கு என்ன பெயர் நிலைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"மாமா" என்றார் மெல்ல.

"எந்த மாமா?"

"தாய்மாமன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆயிரம் உறவிருக்க, தாய்வழியே சொத்து இறங்கும் அசாந்தி குலத்தில் பிறந்த ஒருவன் அள்ளித் தெளிக்கக் கூடாத உறவு அது. அப்பா செத்தால் அழுதுவிட்டு வரலாம். தாய்மாமன் செத்தால் குடும்பத்துக்குக் கூரையே போனமாதிரி.

"தாய்மாமனா!" கணக்குப் பிரிவு டெட்டே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அப்ப மருமகனுக்குத்தானே சொத்தெல்லாம்? கோக்கோ தோட்டம் இருக்கா?"

"கொஞ்சம்" என்றார் பெடியாக்கோ. வாயில் வந்தது.

"எப்பப் போனாரு?"

"போன சனிக்கிழமை." அதுவும் வாயில் வந்ததுதான்.

"அப்ப வர்ற சனிக்கிழமை முதல் வாரக் கூட்டம்!" டெட்டே விரலைச் சொடுக்கினார். செத்து ஒரு வாரம் ஆனதும் பந்தல் போட்டு, சொந்தமும் சிநேகமும் கூடாவிட்டால் அது என்ன சாவு? "நாங்க வராம இருப்போமா? ஊர் எது?"

"ந்காவ்காவ் தாண்டி... தூரம்ப்பா. ரோடு சரியில்ல."

"ரோடு சரியில்லன்னா பெரிய பஸ்ஸாப் பிடிப்போம்!"

அன்று முழுக்க பெடியாக்கோவின் மேசைக்கு வரிசை கட்டி வந்து கையைக் குலுக்கினார்கள். ஒருவர் அவித்த முட்டை வைத்துவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள், பார்த்தே இராத மாமாவுக்காக அவருக்கே கண் கலங்கியது.

மறுநாள் இதை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார். துக்கம் தீர்ந்ததென்று உலகத்துக்குக் காட்ட, கட்டுரையின் அடுத்த யோசனைப்படி வாங்கிவைத்திருந்த முழு வெள்ளையைப் போட்டுக்கொண்டு வந்தார். சட்டையும் வெள்ளை, காற்சட்டையும் வெள்ளை, நடுவே இவர்.

அல்ஹசன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "வெள்ளையா! அப்ப மாமாவுக்கு வயசு தொண்ணூறு இருக்குமேண்ணே!"

பெடியாக்கோ கேட்டைப் பிடித்துக்கொண்டார். மறந்தேபோச்சு. நிறைந்து வாழ்ந்து போனவருக்குத்தான் வெள்ளை.

"கல்யாணச் சாவுய்யா இது!" என்று டெட்டே கிடங்கெங்கும் முழங்கினார். "நேத்துச் சாதாரணச் சாவுன்னு நெனச்சு பெரிய பஸ்ஸே போதும்னு சொல்லிட்டேன். அதைவிடப் பெரிசா மாத்தணும். மத்தளக்காரங்களையும் சொல்லவா?"

"டெட்டே, கேளுங்க. வீட்டோட சின்னதா முடிச்சிக்கலாம்னு பாக்கறோம்."

தொண்ணூறு வயசுத் தாய்மாமனுக்குச் சின்னதாகவா? எல்லோரும் பெடியாக்கோவை, பெற்றவளைத் தெருவில் விட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"கைல இல்லேன்னா வாயத் தொறந்து சொல்லணும்ணே" என்றான் செலோர்ம். "நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

எந்தச் சாவானாலும் முதல் வாரக் கூட்டத்துக்குச் சிவப்புக் கறுப்புதான் என்று, சாயங்காலத்துக்குள் ஒரே மாதிரித் துணி எடுத்து, ஆபீஸ் மொத்தத்துக்கும் தையல்காரரிடம் அளவு கொடுத்தாகிவிட்டது. பெடியாக்கோவின் இடுப்பை அளக்க நாடா போதவில்லை என்று இரண்டு நாடாவை முடிச்சுப் போட்டதாக அப்புறம் பேச்சு.

இத்தனையும் போதாதென்று மேடம் லாம்ப்டி கூப்பிட்டனுப்பினார். கொஃபொரிடுவா கிளையிலிருந்து மாற்றலாகி இந்த வருஷம்தான் மேனேஜராக வந்திருந்தார். திங்கட்கிழமை புதுக் கிடங்குத் தலைவரை அறிவிக்கப்போவதும் அவர்தான். பதினெட்டு வருஷமாக உதவி, உதவி என்றே தேய்ந்த பெடியாக்கோவின் பெயர்தான் அதற்கான பட்டியலில் முதலில் இருந்தது.

இவர்தான் போன மாதம் ஒரு குமாஸ்தாவை, உயிரோடிருக்கும் சித்தப்பாவைச் சாகடித்து லீவு எடுத்ததற்காக, எல்லையோரக் கிடங்குக்குத் தூக்கியடித்தவர். அங்கே ஆளைவிட ஆடு அதிகம்.

பெடியாக்கோ உண்மையைக் கக்கிவிடுவது என்றுதான் உள்ளே போனார்.

"மேடம், அந்த மாமா விஷயம்..."

"உக்காருங்க. ஒண்ணும் பேசாதீங்க."

"இல்ல மேடம், உண்மை என்னன்னா..."

"உண்மை என்னன்னா, மனுஷனுக்குச் சாவைவிடப் பெரிய உண்மை கிடையாது. அதுல பொய் சொல்றவனை நான் மன்னிச்சதே இல்ல. நீங்க நேர்மையான ஆள். சனிக்கிழமை நானே வரேன்."

பெடியாக்கோவுக்குக் காதுக்குள் ஆடு கத்தியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினார். அஃப்ரியே முதலில் சுவரைப் பிடித்துச் சிரித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நிறுத்திவிட்டு அவர் காற்சட்டையைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தாள்.

"எம்மா, வேலை போகப்போவுது. சிரிக்கிறியே!"

"செர்ரியாம் செர்ரி! அந்தப் பழத்தைக் கண்ணால பாத்திருக்கியாய்யா நீ?"

"மாமா பிழைச்சிட்டார்னு சொல்லிடவா? டாக்டர் தப்பா சொல்லிட்டாருன்னு?"

"பிழைச்சா சர்ச்சுல நன்றிக் கூட்டம் வெக்கணும். அதுக்கும் பஸ் புடிச்சு வருவாங்க. மாமாவை மேடையேத்து, பாக்கணும்பாங்க."

"அப்ப நான்தான் சாகணும்."

"நீ செத்தாலும் இதே பஸ்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க பாரு. சனிக்கிழமை. நம்ம நாட்டுல சனிக்கிழமை பந்தல் இல்லாத ஊரு எது? மொதல்ல கண்ணுல படுற பந்தலுக்குள்ள பஸ்ஸ விடு. வரிசையாக் கை குலுக்கு, உக்காரு, அழு, எந்திரிச்சு வந்துடு. யாரு எவருன்னு எவன் கேக்கப்போறான்?"

இருபத்தைந்து வருஷ இல்லறத்தில் பெடியாக்கோ மனைவியின் காலில் விழத் துணிந்தது அன்றைக்குத்தான். தொப்பை குறுக்கே நின்றதால் விழவில்லை.

சனிக்கிழமை பஸ் கிளம்பியது. ஒரே துணியில் ஆபீஸ் மொத்தமும். முன் இருக்கையில் மேடம் லாம்ப்டி, சிவப்புக் கவுனும் கறுப்புத் தலைக்கட்டுமாக. பின்னால் மத்தளம் ஒலித்தது. பெடியாக்கோ அஃப்ரியேவோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, கடவுளே ஒரு சாவைக் காட்டு என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டார்.

சுஹூம் ஊரை நெருங்கும்போது கடவுள் காட்டினார். சாலையோரம் சிவப்புக் கறுப்புப் பந்தல், ஒலிபெருக்கி அலறல், நூறு நாற்காலி.

"இடது பக்கம் திருப்பு தம்பி!" என்று அஃப்ரியே கத்தினாள்.

"ந்காவ்காவ் தாண்டின்னாரே?" என்றார் டெட்டே.

"மாமா கடைசிக் காலத்துல இங்கதான் இருந்தாரு" என்றார் பெடியாக்கோ. வாய் இப்போதெல்லாம் அவரைக் கேட்பதே இல்லை.

எல்லாம் நன்றாகவே நடந்தது. வலது கோடியிலிருந்து தொடங்கி வரிசையாகக் கை குலுக்கினார்கள். தண்ணீர் தந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய பஸ்ஸில் இவ்வளவு நல்ல துணியில் வந்தவர்களைக் கேட்க யாருக்கு மனம் வரும்? பெடியாக்கோ குலுங்கிக் குலுங்கி அழுதார். வீட்டுக்காரப் பெண்கள் இருவர் வந்து அவரைத் தேற்றிவிட்டு, 'இந்த ஆளு யாரு, நம்மளவிட நல்லா அழுவுறான்' என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

அப்போதுதான் மேடம் லாம்ப்டி பந்தலின் மூலையில் இருந்த பெரிய படத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை பார்த்தார்.

"பெடியாக்கோ. இப்படி வாங்க."

"மேடம்?"

"உங்க தாய்மாமன் கம்மல் போடுவாரா?"

படத்தில் முத்துக் கம்மலும் பூப்போட்ட தலைக்கட்டுமாக ஒரு பாட்டியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, ஐந்து பிள்ளை பெற்ற தாய் என்று எழுதியிருந்தது.

"கடைசிக் காலத்துல..." என்று தொடங்கிய பெடியாக்கோவின் வாய், கொட்டும் மழையில் குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் நண்பன்போல, அந்த நேரம் பார்த்து அவரைக் கைவிட்டது. பந்தலுக்குப் பின்னால், சோற்றுப் பானைகளுக்கு நடுவில், அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஃபோன், செர்ரி, வசந்தம், திரைச்சீலை, தொப்பை, எல்லாம்.

"ஒரு சட்டை நல்லா இருக்குன்னு நெனச்சேன் மேடம். அவ்வளவுதான். என் வயசுக்கு அது தேவையா, சொல்லுங்க? கண்ணாடில என்னைப் பாத்தேன், எழவைப் பாக்கலை. வெட்கப்பட்டுக்கிட்டு ஒரு மாமாவைக் கொன்னேன். இப்ப முன்பின் தெரியாத ஒரு கிழவிக்கு ஆபீஸையே அழ வெச்சிட்டேன். அந்த எல்லைக் கிடங்குக்கே அனுப்பிடுங்க. ஆடுங்க என்னைப் பாத்து எந்த மாமான்னு கேக்காது."

மேடம் லாம்ப்டியின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. செலோர்மும் டெட்டேயும் என்னவோ ஏதோவென்று அருகில் வந்து நின்றார்கள்.

"சாவு விஷயத்துல பொய்" என்றார் மேடம், ஒவ்வொரு சொல்லாக. "ஆபீஸை ஏமாத்தி, பஸ் வெச்சு, அந்நியர் வீட்டுப் பந்தல்ல. திங்கட்கிழமை காலையில நீங்க..."

அந்த நேரத்தில், பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் ஆள் தலையில் ஆறு நாற்காலியோடு அந்தப் பக்கம் வந்தான். மேடத்தைப் பார்த்ததும் ஆறையும் கீழே போட்டுவிட்டு, வாயெல்லாம் பல்லாகக் கும்பிட்டான்.

"அடடே, கொஃபொரிடுவா மேடம்! போன வருஷம் பேஷன்னு வாங்கின கவுனைப் பாத்து ஆபீஸ்ல 'யாரு செத்தது'ன்னு கேட்டுட்டாங்கன்னு, பஸ்ஸோட வந்து என் பந்தல்ல யாரோ ஒரு தாத்தாவுக்கு அழுதுட்டுப் போனீங்களே, இந்தத் தடவை எந்தக் கவுனு?"