பதினேழு பேரும் பூரண நலம்

எனக்குப் படிப்பு சீக்கிரம் வந்துவிட்டது, புத்திதான் தாமதமாக வந்தது. இதை முதலில் கண்டுபிடித்தவர் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையை நடத்திவந்த டாக்டரம்மா.

மருத்துவமனை நிர்வாகம் படித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். "ஜனங்க மணிக்கணக்கா காத்துக்கினு இருக்காங்க. ஒரு மாசத்துல அதைக் கம்மி பண்ணுங்க தம்பி, வேலை நிரந்தரம். இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க" என்றார். அப்பாவோ ஊர் முழுக்க 'பையன் மேனேஜர்' என்று சொல்லிவைத்துவிட்டார்.

இரண்டு திட்டம் போட்டேன். குணமானவர்களைக் காலை எட்டு மணிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு எடை, பிரஷர், சர்க்கரை, சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் விட வேண்டும். (கேள்வி கேட்டால் நேரம் வீணாகும் என்று கேள்விகளையே எடுத்துவிட்டேன். என் மூளையே மூளை!)

மாதக் கடைசி நாள். கரியாலூர்ப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து பதினேழு பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு பையில் பிரெட், சாத்துக்குடி. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஆளுக்கொரு டோக்கன் கொடுத்து வரிசையில் நிறுத்தினேன். மறுபேச்சில்லாமல் எடை மெஷினில் ஏறினார்கள், விரலை நீட்டினார்கள். இவ்வளவு ஒழுங்கான நோயாளிகளை நான் பார்த்ததே இல்லை.

ஒரு பெரியவர் மட்டும் சிறுநீர் டப்பாவோடு தயங்கித் தயங்கி வந்தார்.

"சார், மச்சானைப் பாக்கறதுக்கு இதுவும் குடுக்கணுங்களா?"

"எந்த மச்சான்?"

"குடல்வால் ஆபரேசன் பண்ணிக்கினு மாடியில கீறாரே, அவருதாங்க. ஊரே பாக்க வந்துகீறோம்."

"அப்போ உங்க யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லையா?"

"நல்லாத்தாங்க இருந்தோம். இப்பதான் வெரலு வலிக்குது."

மன்னிப்புக் கேட்டபடியே அவர்களை மாடிக்கு அழைத்துப் போனேன். கட்டில் காலி! என் முதல் திட்டப்படி மச்சானைக் காலையிலேயே அனுப்பியாகிவிட்டது. அவர் மலை ஏற, இவர்கள் இறங்க, வழியில் பஸ்கள் ஒன்றையொன்று கடந்திருக்கின்றன.

"இன்னாங்க இது! வூட்டுக்குப் போயிட்டாருன்னு சொல்றதுக்கா இத்தினி டெஸ்டு?" என்றார் ஓர் அக்கா.

டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். "பதினேழு பேரும் நல்லா இருக்காங்க. ஒங்களத்தான் செக் பண்ணணும்."

மலைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். கொண்டுவந்த பிரெட், சாத்துக்குடி எல்லாவற்றையும் என் மேஜையில் வைத்து, "ஒடம்பைப் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேலை போகவில்லை. டாக்டரம்மா என்னை விசாரணை கவுண்டரில் உட்காரவைத்தார். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் "யாரைப் பாக்க வந்திருக்கீங்க?" என்று கேட்பதுதான் உத்தியோகம். இரண்டு வருடத்தில் அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. தியாகதுருகத்திலிருந்து என்னை மாப்பிள்ளை பார்க்க வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தவனும் நான்தான், அந்தக் கேள்வியைக் கேட்டவனும் நான்தான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று விசாரித்ததில் பதினேழு பேர் கதை அன்றைக்கே அம்பலமாகிவிட்டது. அப்படியும் பெண் கொடுத்தார்கள்.

மாமனார் இப்போதும் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "எம்பொண்ணைப் பாக்க வந்தேன் மாப்ள. இருக்காளா, எட்டு மணிக்கே அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்.